காதில் விழாத கச்சேரி

சென்ற வாரம் கடைசி வரியில் ரயில் நின்றது. இந்த வாரம் முதல் வரியிலும் நின்றுகொண்டுதான் இருக்கிறது. ஒரு வாரமாகவா என்று வாசகர்கள் கேட்கலாம். உள்ளே உட்கார்ந்திருந்தவர்களுக்கும் அப்படித்தான் இருந்தது.

ஜன்னலோரம் அம்மா. எதிரில் மகன். நடுவில், யாரையும் கால் நீட்ட விடாமல், அம்மாவின் துணிப்பை.

"அப்படி என்னம்மா இருக்கு இதுல? ஒரு சாயங்காலக் கச்சேரிக்கு இவ்வளவு மூட்டையா?"

"உள்ள குளிரும்னாங்க. போர்வை எடுத்துக்கிட்டேன்."

"போர்வையா, போர்வைக் கடையா?"

அம்மா பதில் சொல்லவில்லை. காதில் விழவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டான். அம்மாவைப் பற்றி அப்படி நினைத்துக்கொள்வது இப்போதெல்லாம் அவனுக்கு வசதியாக இருந்தது.

குடியிருப்பில் அவனுக்குப் பட்டப்பெயர் காது டாக்டர். டாக்டரெல்லாம் இல்லை. கேட்காத காதுகளுக்குக் காது மிஷின் பொருத்தி, அவரவருக்கு ஏற்றபடி சத்தத்தைக் கூட்டிக் குறைத்துத் தரும் கடையில் வேலை. எத்தனையோ மாமியார்களுக்குக் காது கொடுத்து, எத்தனையோ மருமகள்களின் சாபத்தை வாங்கிக் கட்டிக்கொண்டவன். தன் வீட்டில் மட்டும் அந்தத் தவற்றைச் சத்தமில்லாமல் திருத்திக்கொண்டான்.

கதை தெரிந்ததுதான். மனைவி ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் இரவு வேலை பார்த்துவிட்டு, பகலில் தூங்க வேண்டியவள். பக்கத்து அறையில் அம்மாவின் டிவி. "உங்க தங்கச்சிக்கும் அவங்க அம்மாதானே? கொஞ்ச நாள் அங்க இருக்கட்டுமே" என்றாள் ஒரு நாள். தூக்கமில்லாதவள் கேட்கக்கூடாத கேள்வி ஒன்றும் இல்லை. அதற்கு அவன், "பார்க்கலாம்" என்றான். முடியாது என்று சொல்லத் தைரியமும் சரி என்று சொல்ல மனசும் இல்லாதவர்களுக்காகவே தமிழில் வைத்திருக்கிற சொல்.

பார்க்கலாமில் தொடங்கிய பேச்சு தினமும் வளர்ந்தது. சுவரோ மெல்லிசு. சண்டையைக் குறைப்பது கஷ்டமாக இருந்ததால், போனை எடுத்து, அம்மாவின் மிஷினைக் குறைத்துவிட்டான். போனிலிருந்தே செய்யலாம், அம்மாவின் காதைத் தொடக்கூட வேண்டாம். மனைவி கதவை அறைந்து சாத்துவாள் என்பதால், திடீர்ச் சத்தம் எது வந்தாலும் அமுக்கிவிடும்படியும் வைத்தான். மிஷினில் ஒரு குட்டிப் பொத்தான் உண்டு. கை பட்டு மாறிவிடப் போகிறதே என்று அதையும் பூட்டினான். வேலையில் அவன் சுத்தம்.

மிஷின் குறைந்ததும் அம்மா டிவியைக் கூட்டினாள். டிவி கூடியதும் சண்டை கூடியது. சண்டை கூடியதும் மிஷினை இன்னும் கொஞ்சம் குறைத்தான்.

போன் அடித்தது. மனைவி.

"கிளம்பிட்டீங்களா? அத்தை பக்கத்துல இருக்காங்களா?"

எப்போதும் கேட்கிற கேள்வி. எப்போதும் சொல்கிற பதில்.

"இருக்காங்க. ஆனா கேக்காது, சொல்லு."

"இன்னைக்கே தங்கச்சிகிட்ட பேசிடுங்க. கச்சேரி முடிஞ்ச கையோட."

"ம்."

"ம்னா?"

"பார்க்கலாம்."

அம்மா ஜன்னலுக்கு வெளியே, நகராத ஒரு கம்பத்தை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரயில் ஒருவழியாக அடுத்த நிலையம் வரை ஊர்ந்து போய், சிக்னல் கோளாறு, இதற்கு மேல் போகாது என்று கையை விரித்தது. வெளியே மழை. பேருந்து நிறுத்தத்தில் வரிசை தெருமுனை வரை போய், அங்கே திரும்பி, தன் வாலைத் தானே பார்த்துக்கொண்டு நின்றது.

"அம்மா, பேசாம வீட்டுக்குத் திரும்பிடலாமா?" அவள் முகத்துக்கு நேராகக் குனிந்து, வாயை அகலமாகத் திறந்து கேட்டான். "தங்கச்சி புரிஞ்சுக்குவா."

கேட்கும்போதே உள்ளே ஒரு சின்ன நிம்மதி எட்டிப் பார்த்தது. திரும்பிவிட்டால் தங்கையிடம் எதுவும் பேச வேண்டாம். அந்த நிம்மதியைக் கண்டதும் அவனுக்கே கூச்சமாக இருந்தது.

"நீ வேணா திரும்பிப் போ. எனக்கு வழி தெரியும்" என்றாள் அம்மா. அவளுக்கு வழி தெரியாது. ஆனால் பையைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டாள். நாலடி போனதும் அவன் ஓடிப் போய்ப் பையை வாங்கிக்கொண்டான்.

தங்கை, வீட்டுக்குச் சின்னவள், மிருதங்கம் வாசிக்கிறவள். சாக்ஸபோன், பியானோ, பேஸ் கிடார், நடுவே இவள். நம் ராகத்தையும் ஜாஸையும் ஒரே மேடையில் ஏற்றிவிடும் குழு. இத்தனை காலம் சாப்பாட்டுக் கடை மூலையில், தட்டுச் சத்தத்துக்குப் போட்டியாக வாசித்தவர்களுக்கு இன்றுதான் முதல் பெரிய அரங்கம். "நீ வராட்டியும் பரவாயில்லண்ணா, அம்மாவை மட்டும் எப்படியாவது கொண்டு வந்து சேர்த்துடு" என்று சொல்லியிருந்தாள். காரணம் இருந்தது. சின்னவள் தப்புத் தப்பாக வாசித்துப் பழகிய காலமெல்லாம் அம்மா உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். சரியாக வாசிக்க வந்தபோது அம்மாவுக்குக் காது போய்விட்டது.

அவனும் யோசித்துத்தான் வைத்திருந்தான். அரங்கத்துக்குள் நுழைந்ததும் போனை எடுத்து மிஷினை இசைக்கு மாற்றி, சத்தத்தைக் கூட்டுவான். முடிந்து வெளியே வந்ததும் பழையபடி குறைத்துவிடுவான். ஒரு நாள் பரோல்.

டாக்சி கிடைத்தது. டாக்சிக்காரர் பேச்சுக்காரர்.

"என்ன கச்சேரிங்க?"

"ஜாஸும் நம்ம சங்கீதமும் கலந்தது."

"ரெண்டும் ஒத்துப் போகுமா?"

"வாசிக்கத் தெரிஞ்சா ஒத்துப் போகும்."

"வீட்டுல மாமியார் மருமக மாதிரின்னு சொல்லுங்க" என்று அவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். அவன் சிரிக்கவில்லை. அம்மா சிரித்தாள். எதற்குச் சிரித்தாள் என்று அவனுக்குப் புரியவில்லை.

போகும் வழியெல்லாம் போனில் தெருப்படத்தைப் பார்த்துப் பார்த்து அவருக்கு வழி சொன்னான். இடது என்றால் இடதில் தண்ணீர். வலது என்றால் வலதில் சரிந்த மரம். கடைசியில் அரங்கத்தின் விளக்கு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் வண்டிகள் எல்லாம் ஒன்றன் முதுகில் ஒன்று ஏறாத குறையாக நின்றுவிட்டன.

"இறங்கி நடந்துட்டா சீக்கிரம் போயிடலாம்" என்றார் டாக்சிக்காரர்.

ஒரு கையில் அம்மா, ஒரு கையில் பை, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே குடை. அவன் நனைந்தான், பை நனையவில்லை. அம்மா குடையைப் பையின் பக்கமே சாய்த்துக்கொண்டு வந்தாள்.

"போர்வைக்கு ஜலதோஷம் பிடிக்காதும்மா!" என்றான். அவள் சாய்த்தது சாய்த்தபடியே நடந்தாள்.

அரங்கத்தில் கச்சேரி தொடங்கிவிட்டிருந்தது. வாசலில் நின்ற பெண் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு, டார்ச் அடித்து, அவர்களை நடு வரிசையில் கொண்டுபோய் உட்கார வைத்தாள். மேடையில் நீல வெளிச்சம். சாக்ஸபோன்காரர் கண்ணை மூடிக்கொண்டு எதையோ கெஞ்சிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சின்ன மேடை மேல் சின்னவள், முடியை இறுக்கிக் கட்டி, குழந்தையை மடியில் போட்ட மாதிரி மிருதங்கத்தோடு.

அம்மா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். அவன் சட்டைப் பையில் கையை விட்டான். அடுத்த பையில் விட்டான். கால்சட்டையில் விட்டான். மறுபடி முதல் பையில் விட்டான். இல்லாத போன் இரண்டாம் தடவை தேடினால் வந்துவிடும் என்பது மனிதர்களின் பழைய நம்பிக்கை.

டாக்சி சீட்டில் இருக்கிறது. தெருப்படத்தோடு.

குனிந்தபடி வெளியே ஓடி, வாசல் பெண்ணிடம் அவள் போனைக் கடன் வாங்கித் தன் எண்ணுக்கே அடித்தான். டாக்சிக்காரர் எடுத்தார்.

"நீங்கதானா? உங்க வீட்டுல வேற நிறுத்தாம கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. நான் இன்னும் இங்கதான் நிக்கிறேன், வண்டி நகரல. நகர்ந்ததும் கொண்டாந்து தர்றேன்."

"கொஞ்சம் அவசரம்..."

"எனக்கும்தாங்க" என்று அவர் வைத்துவிட்டார்.

திரும்பி வந்து உட்கார்ந்தான். பூட்டிய பொத்தான் அம்மாவின் காதுக்குப் பின்னால், அவன் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அழுத்திப் பார்த்தான். அதை அவன் ஒழுங்காகத்தான் பூட்டியிருந்தான்.

சின்னவளின் விரல்கள் பறந்தன. அந்த மிஷினின் கணக்கில் ஒவ்வொரு அடியும் அறைந்து சாத்தப்படும் ஒரு கதவு. கவனமாக, விசுவாசமாக, ஒன்றுவிடாமல் அமுக்கிக்கொண்டிருக்கும்.

பாட்டு முடிந்தது. அரங்கம் கை தட்டியது. அம்மா அக்கம்பக்கம் பார்த்தாள், மற்றவர்கள் தட்டுவதைக் கண்டாள், பிறகு தானும் தட்டினாள். அவனைப் பார்த்து, "நல்லா இருக்குல்ல?" என்றாள்.

அடுத்த பாட்டு முடிந்ததும் அதேபோல். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்சம் தட்டிக்கொண்டிருந்துவிட்டு, நிறுத்தினாள்.

அவனால் உட்கார முடியவில்லை. முள்ளின் மேல் உட்கார்வது என்பார்களே, அது வெறும் பேச்சு என்றுதான் இதுவரை நினைத்திருந்தான்.

அம்மாவின் காதருகே குனிந்தான். "அம்மா, உன் மிஷின் சத்தத்தை நான்தான் குறைச்சேன்."

"என்னடா?"

"மிஷினை... நான்தான்..."

"மிஷினா? நல்லாத்தானே இருக்கு?"

அவன் மூச்சை இழுத்து, அடிவயிற்றிலிருந்து சொன்னான்.

"உன் காது மிஷினை நான்தான் குறைச்சு வச்சேன்!"

சாக்ஸபோன்காரர் மூச்சு வாங்க நிறுத்திய இடம் அது. பியானோ, பேஸ், மிருதங்கம் எல்லாம் அவருக்காகக் காத்திருந்த இடம். வாக்குமூலம் அரங்கத்தின் கடைசி வரிசை வரை தெளிவாகப் போய்ச் சேர்ந்தது. முன் வரிசை வழுக்கைத் தலை ஒன்று திரும்பி, அவனையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தது. மேடையில் சின்னவள் தலையை நிமிர்த்தினாள்.

"தெரியும்" என்றாள் அம்மா. காது கேட்காதவர்களின் குரலில், அதாவது ஊருக்கே.

வாசித்தவர்கள் பெரிய மனதோடு தொடர்ந்தார்கள். சத்தத்தின் மறைவில் அவன், "எப்பலேர்ந்து தெரியும்?" என்று வாயை மட்டும் அசைத்தான்.

"நீ குறைச்ச அன்னைக்கே." அம்மா அவன் பக்கம் சாய்ந்தாள். அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். வேலைக்காலம் முழுக்கக் காதில் ஹெட்போன். "லைன் தானா தேஞ்சா மெல்ல மெல்லத் தேயும்டா. ஒருத்தன் கை வச்சா ஒரே நாள்ல போகும். இது தெரியாதா எனக்கு?"

"ஏன்மா கேக்கல?"

"இணைப்புக் குடுத்துட்டா காதை எடுத்துடணும். லைன்ல நின்னு கேக்கிறவளுக்கு வேலை போயிடும். உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல எனக்கென்ன வேலை? அதுவுமில்லாம, நீ குறைக்கிறதுக்கு முன்னாடியே கேக்க வேண்டியதெல்லாம் கேட்டாச்சு."

முன் வரிசை வழுக்கை, "கொஞ்சம்..." என்று கெஞ்சியது.

மேடையில் மற்றவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். வெளிச்சம் சின்னவள் மேல் சுருங்கியது. தனி.

"இப்ப அவ மட்டும்தானே?"

தலையாட்டினான்.

"கை ஆடுறது தெரியுது. ஊமைப்படம் மாதிரி." குறையாகச் சொல்லவில்லை. தகவலாகச் சொன்னாள். அதுதான் அவனைக் குத்தியது.

அவன் அம்மாவின் கையை இழுத்துத் தன் மடியில் வைத்தான். உள்ளங்கையைத் திருப்பினான். மேடையைப் பார்த்துக்கொண்டே, சின்னவள் வாசிப்பதை விரலால் அதில் தட்ட ஆரம்பித்தான்.

சிறு வயதில் அவனும் சின்னவளோடு மிருதங்கம் கற்றுக்கொள்ளப் போனவன்தான். சொல்லிக் கொடுத்தவர் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, இந்தப் பையனின் இடக்கைக்கும் வலக்கைக்கும் பேச்சுவார்த்தையே இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார். அந்தக் கைகள்தான் இப்போது தட்டின.

கொஞ்ச நேரம் அம்மா பொறுத்தாள்.

"இவ்வளவு மோசமாவாடா வாசிக்கிறா?"

"அது நான்மா."

"ஓ." நிம்மதியானாள். "தட்டு, தட்டு."

தட்டினான். சின்னவள் வேகம் பிடித்தாள், அவன் தடுக்கி விழுந்தான், எழுந்தான், பாதியை விட்டுவிட்டு மீதியைப் பிடித்தான். வலப்பக்கத்தின் பொடி அடிகளுக்கு விரல் நுனி. இடப்பக்கத்தின் கனத்த அடிக்குக் கைக்குழி. நெற்றியில் வியர்த்தது. அம்மாவின் மற்றொரு கை எப்போது தொடையில் தாளம் போடத் தொடங்கியது என்று அவன் கவனிக்கவில்லை. அவன் தப்பாகத் தட்டிய இடங்களை அவள் கண்ணால் திருத்திக்கொண்டாள். மேடையில் ஆடிய கையிலிருந்து பாதி, தன் உள்ளங்கையிலிருந்து பாதி.

கடைசிச் சுற்று. சின்னவள் ஒரே கோர்வையை மூன்று முறை வாசித்து முடிக்க, கடைசி அடி விழுந்தது. அம்மாவின் கை தொடையில் அதே நொடியில் விழுந்தது. அவன் விரல் மட்டும் சற்றுப் பின்னால் வந்து சேர்ந்தது.

அரங்கம் எழுந்தது. இந்த முறை அம்மா யாரையும் பார்க்கவில்லை. முதலில் தட்டியவர்களில் அவளும் ஒருத்தி.

மேடைக்குப் பின்னால் நீளமான நடை. ஓரத்தில் வாத்தியப் பெட்டிகள். சின்னவள் வியர்வையோடு ஓடி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். விலகி, முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"கேட்டுச்சாம்மா?"

"ஒவ்வொரு அடியும்."

அவன் குனிந்து தன் ஈரச் செருப்பை ஆராய்ந்தான். அதில் ஆராய எதுவும் இல்லை.

"நடுவுல கத்தினது நீதானேண்ணா? என்னமோ மிஷின்னு..."

"அப்புறம் சொல்றேன்."

"சாக்ஸபோன்காரர் இன்னும் கோவமா இருக்காரு."

பின்வாசல் வழியாக டாக்சிக்காரர் சொட்டச் சொட்ட வந்தார். போனை நீட்டினார். "இந்தாங்க. உங்க வீட்டுக்காரம்மாகிட்ட நீங்க ரெண்டு பேரும் பையோட இறங்கிப் போயிட்டீங்கன்னு சொன்னேன். குரல் ஒரு மாதிரி ஆயிடுச்சு. அலமாரி ஏன் காலியா இருக்குன்னு என்னைக் கேக்குறாங்க. எனக்கு எந்த அலமாரிங்க தெரியும்?"

எந்த அலமாரி என்று அவனுக்கும் தெரியவில்லை. முதல் வேலையாகப் போனில் பூட்டைத் திறந்தான். சத்தத்தை, குறைப்பதற்கு முன்பு இருந்த இடத்துக்குக் கொண்டுபோனான். அமுக்குவதை நிறுத்தினான்.

அம்மா கண்ணை இடுக்கினாள். கூரையைப் பார்த்தாள்.

"மழையா பெய்யுது?"

"அப்பலேர்ந்து பெய்யுதும்மா."

"இவ்வளவு பெரிசாவா பெய்யுது?" கொஞ்ச நேரம் மழையைக் கேட்டாள். பிறகு கையை நீட்டினாள். "பையைக் குடு."

பை திறந்தது. சின்னவள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "என்னம்மா, குடித்தனமே இருக்கு?"

இருந்தது. மடித்த புடவைகள். மாத்திரை டப்பா. தலையணை உறை. அம்மாவின் தம்ளர். எல்லாவற்றுக்கும் மேலே டிவி ரிமோட். போர்வை மட்டும் இல்லை.

"உன்கூட கொஞ்ச நாள் இருக்கலாம்னு வந்தேன்" என்றாள் அம்மா.

வழியெல்லாம் அதைத் தூக்கி வந்த தோள் இப்போதுதான் வலிக்கத் தொடங்கியது. வீட்டை விட்டு அம்மா போவதைத் தானே சுமந்து வந்து, தானே அதற்கு நகைச்சுவையும் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறான்.

"ரிமோட் எதுக்கும்மா?" என்றான், வேறெதுவும் வாயில் வராததால்.

"உங்க வீட்டுல கொஞ்சம் சத்தம் குறையட்டும்னுதான்."

உங்க வீடு. அம்மா அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

சின்னவளின் சிரிப்பு போய்விட்டிருந்தது. அண்ணனைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். "அம்மா, நாளைக்குக் காலையில வேன் வருது. குழுவோட டூர். மூணு மாசம். இன்னைக்கு நேர்ல சொல்லணும்னுதான் வச்சிருந்தேன். அறையைக்கூடக் காலி பண்ணிட்டேன்."

"டூரா? நல்லதுதானே! போயிட்டு வா." அம்மா உடனே சொன்னாள், மிக உடனே. ரிமோட்டைப் பைக்குள் திருப்பி வைக்கப் பார்த்தாள். வந்த இடத்தில் அது மறுபடி உட்கார மறுத்தது. புடவையை நகர்த்தினாள், தம்ளரை நகர்த்தினாள். விரல்கள் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தன.

அவன் குனிந்து ரிமோட்டை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

போன் அடித்தது.

ஒதுங்கிப் போய்ப் பேசுவதற்கு நடையில் நிறைய இடம் இருந்தது. அவன் ஸ்பீக்கரை அழுத்தினான்.

"எங்கங்க போனீங்க?" மனைவியின் குரல் அடைத்திருந்தது. பழக்கதோஷத்தில் தாழ்ந்தது. "அத்தை பக்கத்துல இருக்காங்களா?"

அம்மா பையின் வாயைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தாள்.

"இருக்காங்க" என்றான். "கேக்கும். சொல்லு."